பம்பாய் அத்தையின் கோபம்

பன்னீர்ச் செம்பை ஏந்திய பெண் எங்கள் வரிசைக்கு முன்னால் வந்து நின்று, "வாங்க, வாங்க" என்று சிரித்தபடியே தெளித்தாள். ஒரு சொட்டு நேராக என் வலக் கண்ணுக்குள் போனது. நான் துடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொல்கத்தாக்காரன் தும்மலை அடக்கியதில் அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. அவனுக்கு அந்தப் பக்கம் ரேவா, இமைகூட அசையாமல்.

சந்தனக் கிண்ணம் வந்தது. யாரும் விரல் நீட்டவில்லை. கல்கண்டு வந்தது. யாரும் எடுக்கவில்லை. பூ வந்தது. எங்களில் ஒரு பெண்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. செம்பை அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

நான் இந்த ஊர்க்காரி. கல்யாண மண்டபத்தில் ஒரு வரிசை ஆட்கள் சந்தனம் எடுக்காமல், சிரிக்காமல், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் செஞ்சியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டார்கள்.

நாங்கள் மாப்பிள்ளை வீட்டாரே இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு எங்களை யாரும் கூப்பிடவும் இல்லை.

முட்டி நலம்

போன வாரம் இந்தப் பத்தியில் என் முட்டிவலியைப் பற்றிப் புலம்பினாலும் புலம்பினேன், ஆளாளுக்கு ஒரு தைலம் சொல்லிவிட்டீர்கள். முட்டி நலம். இந்த வாரம் வாய்.

என் வாய், செஞ்சிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் சிங்கவரத்தில் பிரசித்தம். பள்ளிக்கூடத்தில் பேசினேன் என்று வகுப்புக்கு வெளியே நிற்கவைப்பார்கள். வெளியே நின்றால் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசுவேன். "இவ வெளிய நின்னா ஊருக்கே தொந்தரவு" என்று டீச்சரே திரும்ப உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்.

அப்படிப்பட்டவள் பிழைப்புக்குப் பிடித்ததோ, வாயே திறக்காத நவீன நடனம். எங்கள் நடனத்தில் சலங்கை கிடையாது. பல நேரம் பாட்டு கிடையாது. கதையும் கிடையாது. கீழே விழுவது உண்டு. அது நிறையவே உண்டு. அடிபடாமல் விழுவதற்கென்றே வருஷக்கணக்கில் பயிற்சி எடுக்கிறோம்.

அம்மா ஒரே ஒரு தடவை சென்னைக்கு வந்து பார்த்தாள். முழுசாக உட்கார்ந்து பார்த்தாள். முடிந்து விளக்குப் போட்டதும் ஓடிப்போய், "எப்பிடிம்மா இருந்துச்சு?" என்றேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. எப்ப ஆட ஆரம்பிப்பே?"

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஊருக்குப் போனதும் அவரிடம் அவள் சொன்னது ஒரே வரி. "தொப்பு தொப்புனு வுழுறா."

நைனா வந்ததே இல்லை. எப்போது கூப்பிட்டாலும் மல்லாட்டை குறுக்கே வரும். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். மல்லாட்டை விதைக்கணும், களை எடுக்கணும், புடுங்கணும், காயவைக்கணும். "வருஷம் பூரா மல்லாட்டை புடுங்குற ஒரே ஆளு நீதான் நைனா" என்று போனில் கத்தியிருக்கிறேன். கடைசியில் ஒருநாள், "செஞ்சியிலயே ஆடு. வர்றேன்" என்றார். செஞ்சியில் எவன் இந்த நடனத்தை வைக்கப்போகிறான் என்கிற தைரியம் அவருக்கு.

வைத்துவிட்டார்கள்.

கையில் சாவிக்கொத்து

நடன விழா ஒரு வாரம். சாயங்காலம் கோட்டைக்குள், கல்யாண மகால் என்கிற பழைய கோபுரக் கட்டடத்துக்கு முன்னால் நிகழ்ச்சிகள். பகலில், இதையே தொழிலாக வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சிப் பட்டறை. அதற்கு பஸ் ஸ்டாண்டுக்கு அந்தாண்டை இருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியைப் பிடித்திருந்தார்கள்.

நடத்த வந்தவர் ரேவா. மும்பைக்காரர். அறுபதை நெருங்கிய வயது, காதோடு வெட்டிவிட்ட நரைமுடி, சிரிப்பே வராத முகம். பட்டறையில் இருப்பவர்களை வைத்து அவர் அமைக்கும் நடனம்தான் விழாவின் கடைசி நிகழ்ச்சி. முதல் நாளே தாமதமாக வந்த ஒரு பெங்களூர்க்காரரை, "நீங்கள் வேடிக்கை பாருங்கள்" என்று ஓரத்தில் உட்காரவைத்துவிட்டார். அவர் அப்புறம் எவ்வளவு கெஞ்சியும் நடக்கவில்லை. ரேவா சொன்னால் சொன்னதுதான்.

முதல் நாள் பயிற்சி, தரையில் படுத்துக்கொண்டு உடம்பை உதறுவது. உதறிக்கொண்டிருந்தபோது மண்டபத்து மேனேஜர் தண்ணீர் கேன் வைக்க மாடிக்கு வந்தார். பார்த்தார். "ஐயையோ, வலிப்பு!" என்று இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி, பக்கத்தில் கிடந்த கொச்சிப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து மூடினார். அவள் அதைப் பயிற்சியின் அடுத்த கட்டம் என்று நினைத்து, சாவிக்கொத்தோடு இன்னும் நன்றாக உதறினாள். மேனேஜர் சோடா வாங்க ஓடினார்.

இரண்டு நாள் போனது. ரேவா அறிவித்தார்: "நாளை மௌன நாள்."

காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை யாரும் பேசக்கூடாது. போன் கூடாது. எழுதிக் காட்டக்கூடாது. சைகை கூடாது. முகத்தாலும் பதில் சொல்லக்கூடாது. எது வந்தாலும் உடம்பு வாங்கிக்கொள்ளட்டும், எதையும் திருப்பித் தரவேண்டாம். பேசியவர் கடைசி நாள் ஆடமுடியாது. இதைச் சொல்லும்போது எல்லோரையும் பார்த்திருக்கலாம். அவர் என்னை மட்டும்தான் பார்த்தார்.

அதற்குள் நைனா சிங்கவரம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கோட்டைக்குப் போக ஒரு டாடா ஏஸ் வண்டியும் பேசியாகிவிட்டது. அத்தனை பேரும் வந்து உட்கார்ந்தபின் மேடையில் நான் இல்லையென்றால் நைனா முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? ஒருநாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். அதைக்கூடச் சத்தமாகத்தான் செய்தேன்.

மறுநாள் பார்த்தால் மண்டபத்தின் கீழே முகூர்த்தம்.

"மேல நீங்க, கீழ அவங்க. இன்னா பிரச்சனை?" என்றார் மேனேஜர். "நீங்கதான் இன்னிக்கி பேசவே மாட்டீங்களாமே?"

நாதஸ்வரம் கேட்டதும் ரேவாவின் கண் பளபளத்தது. எழுந்து மெதுவாகப் படியிறங்க ஆரம்பித்தார். பட்டறை வழக்கப்படி எல்லோரும் பின்னாலேயே இறங்கினோம். கூட்டத்துக்கு நடுவில் போய் மௌனமாக உட்காரப்போகிறார் என்பது பாதிப் படியில்தான் எனக்குப் புரிந்தது. அம்மா தாயே, வேண்டாம், இது செஞ்சி என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் இல்லை.

மதகில் உட்கார்ந்த பெரியப்பா

வெளியூர்க்காரர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

எங்கள் சித்தி கல்யாணத்தில் ஒரு பெரியப்பா, வாசலுக்கு எதிரே இருந்த மதகில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரமாட்டார். என்ன கோபம் என்று சொல்லமாட்டார். சொல்லிவிட்டால் அதற்குப் பெயர் கோபம் இல்லை, புகார். கோபித்துக்கொண்டவர் பேசாமல் இருக்கவேண்டும். என்ன தப்பு நடந்தது என்று மற்றவர்கள்தான் கண்டுபிடித்து வரவேண்டும். அதுதான் முறை.

ஆகவே ஒருவர் போய், "காபி குடுக்க லேட்டாயிடுச்சு, மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். இன்னொருவர், "உங்க பையனுக்கு எடுத்த சட்டை மட்டும் கொஞ்சம் சுமாரு, ஒத்துக்குறேன்" என்றார். மூன்றாவது ஆள், "நேத்து உங்களப் பத்தி நான் பேசுனது காதுல வுழுந்துடுச்சா?" என்றார். பெரியப்பாவுக்கு இதெல்லாம் அதுவரை தெரியாது. பத்திரிகையில் தன் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டார்கள் என்பதுதான் அவர் கோபம். சமாதானம் செய்ய ஆள் வரவர அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது.

இது யார் செஞ்ச வேலை?

இப்போது மண்டபத்துக்கு வருவோம். பன்னீர்ப் பெண் ஓடிய வேகத்தில் மணப்பெண்ணின் சித்தி வந்தாள்.

"சாப்டீங்களா?"

எட்டுப் பேரும் நேரே பார்த்தோம்.

"மொதப் பந்தி முடிஞ்சிருச்சு, ரெண்டாவது பந்திக்கு எல போட்டிருக்குது..."

சித்தியின் பார்வை ரேவாவின் நரைமுடியில் வந்து நின்றது. மேனேஜரைக் கூப்பிட்டு, எங்கள் காதில் விழாது என்று நினைத்து, "இவங்க எந்த ஊரு?" என்றாள்.

"அந்தம்மாவா? பம்பாய்."

சித்தி வாயில் கைவைத்தாள். "போச்சு! பம்பாய் அத்தை!"

மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பம்பாயில் ஒரு தங்கை இருந்திருக்கிறார். பெண் வீட்டில் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. அவருக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்று பேச்சு வேறு. இத்தனையும் சித்தி எங்கள் தலைக்கு மேலேயே, பெண்ணின் அப்பா ஏழுமலையிடம் சொன்னதிலிருந்து நான் தெரிந்துகொண்டது. ஏழுமலை தொண்டூர்க்காரர். பட்டுச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"இன்னா தப்பு நடந்துச்சு? யாரு இன்னா பண்ணீங்க?" என்று சொந்தபந்தத்தைத் திரட்டினார்.

மதகுக் கதை ஆரம்பமாகிவிட்டது. பெண்ணின் தாய்மாமன், "கேட்டாண்ட ஒரு வேனை ஓரங்கட்டச் சொன்னேன் மாமா, அது இவங்க வேனா இருக்கும்" என்றார். சித்தி, "காபித் தூள் பத்தல, தண்ணி ஊத்திட்டேன்" என்று அழத் தொடங்கினாள். பெண்ணின் அண்ணன் தலையைச் சொறிந்தான்.

"வாசல் பேனர்ல அத்தை பேரு வந்திருக்கணும்பா. எடம் இல்லனு எடுத்துட்டேன்."

"எடம் இல்லியா? உன் ஃப்ரெண்டுங்க பதினோரு பேரு கூலிங் கிளாஸோட நிக்கிறானுங்களே, அதுக்கு எடம் இருந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு தொண்டையை முட்டியது. அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்தது. "பாருங்க, அந்தப் பொண்ணு அழுவுது" என்றாள் சித்தி. நிலைமை இன்னும் மோசமானது.

வெற்றிலை பாக்குத் தட்டு வந்தது. பழத்தட்டு வந்தது. ரேவாவுக்கு மட்டும் பட்டுப்புடவை வைத்த தட்டு வந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மேசை ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த ஃபேன் அதுவரை நிஜமான மாப்பிள்ளை வீட்டார் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே புழுங்க ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார். "யாருய்யா இவங்க? பொண்ணு வூட்டு ஆளுங்களா? அவங்களுக்குப் பழத்தட்டு, எங்களுக்கு ஒரு வாய்க் காபி இல்ல. எளக்காரமா போச்சா?" என்றவர், மணமேடையைப் பார்த்து, "டேய் மாப்ள, மாலைய கழட்டுடா!" என்று குரல் கொடுத்தார்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். மாலையைக் கழட்டுவதா வேண்டாமா என்று மாப்பிள்ளை கையை வைத்துக்கொண்டு முழித்தான். மணப்பெண் அவனை முறைத்தாள்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் கோட்டையில் நைனா வெறும் மேடையைப் பார்ப்பார். நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்துக்கொண்டேன், வலித்தது.

நைனாவின் முறை

அப்போதுதான் மொய் வைக்கிற வரிசையிலிருந்து ஒரு குரல். "அமுதா?"

நைனா! வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ஏழுமலையும் அவரும் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டையோடு பக்கத்தில் பக்கத்தில் நின்று பழக்கமானவர்களாம். எனக்குத் தெரியாது.

"நீ எங்கம்மா இங்க?"

நான் நேரே பார்த்தேன்.

நைனா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்து அவர் அதுவரை பார்த்ததே இல்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் பேசியிருக்கிறேன். அவர் முகம் மாறியது.

"தெரிஞ்சிப்போச்சா?" என்றார் மெதுவாக. "உங்கம்மா சொல்லிட்டாளா?"

என்ன தெரிந்துபோச்சு? எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மதகுப் பெரியப்பா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"கோச்சிக்காத கண்ணு. ஊருல எல்லாரையும் வண்டியில ஏத்தி வுட்டுட்டு, மல்லாட்டை புடுங்க ஆளு வருதுனு சொல்லி நான் மட்டும் நின்னுக்கலாம்னு இருந்தேன். நெசந்தான்."

யாருக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ, அவரே வருவதாக இல்லை. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இப்போது உண்மையாகவே கோபித்துக்கொண்டுதான் பேசாமல் இருந்தேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உங்கம்மா சொன்னா, தொப்பு தொப்புனு வுழுறியாமே. நான் அங்க உக்காந்திருந்தா, நீ வுழுந்ததும் தூக்க ஓடியாந்துடுவேன். என்னால ஒக்கார முடியாதும்மா. நீ சின்னப்புள்ளையா நடக்கச் சொல்லோ ஒரு தடவகூட உன்ன வுழ வுட்டதில்ல நானு. அத்தினி பேரு முன்னால ஓடியாந்து உன் மானத்த வாங்கிடுவேன்னுதான் இத்தினி வருஷமும் வரல."

அந்தப் பக்கம் ஏழுமலை, ரேவாவின் காலில் விழுவதற்காக மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

"நைனா!" என்றேன். மண்டபமே திரும்பியது. "நான் கோச்சிக்கலை நைனா! பேசக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதான்! ஐயா, கால்ல வுழாதீங்க, அவங்க பம்பாய் அத்தை இல்ல! எங்க டீச்சரு! நாங்க மாடியில டான்ஸ் கத்துக்குறவங்க! ஏய் மாப்பிள்ளை, மாலையைத் தொட்ட, கை இருக்காது!"

காலையிலிருந்து சேர்த்துவைத்த பேச்சு அத்தனையும் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமனை உட்காரவைத்தேன், ஃபேனைத் திருப்பிவைத்தேன், பேனருக்கு அண்ணனைத் திட்டினேன், ஐயரை மந்திரம் சொல்லச் சொன்னேன். ஏழுமலை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப யாருக்கும் கோவமே இல்லியாம்மா?"

"இல்லவே இல்லீங்க."

"அப்ப சந்தனம் எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். கெட்டிமேளம் முழங்கியது.

நிஜமான பம்பாய் அத்தை சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தார். சிரித்த முகம். எல்லோரிடமும் அவராகவே போய்ப் பேசினார். யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

இரண்டாவது வடை

சாப்பிடாமல் விடமாட்டேன் என்று ஏழுமலை எங்களையும் பந்தியில் உட்காரவைத்தார். மாடிக்கு வந்ததும் விளக்கு வைக்கும்வரை எட்டுப் பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ரேவா, "யார் பேசியது?" என்றார்.

இது ஒரு கேள்வியா? கையைத் தூக்கினேன். என் கதை முடிந்தது என்று தெரியும். கெஞ்சக்கூடாது என்றும் முடிவு செய்திருந்தேன்.

பக்கத்தில் இன்னொரு கை உயர்ந்தது. கொல்கத்தாக்காரன். பந்தியில் இரண்டாவது வடை கேட்டிருக்கிறான். கொச்சிப் பெண் சாம்பாரைப் பார்த்து மலையாளத்தில் ஏதோ சொல்லியிருக்கிறாள். ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. கடைசியில் எல்லோரும் ரேவாவையே பார்த்தோம். பாயசம் ஊற்றியவரிடம் அவர் இலைக்கு மேல் கையை விரித்து, "பஸ், பஸ்!" என்று, அதாவது இந்தியில் போதும் போதும் என்று, அலறியதைப் பந்தி முழுக்கக் கேட்டிருந்தது.

ரேவா தன் கையையும் தூக்கினார். "அப்படியானால் ஆட ஆளே இல்லை" என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தோம். மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டு சிரித்தார். ஒத்திகை மறுநாள் காலை என்றார். எட்டுப் பேருக்கும்தான்.

கல்யாண மகால் முன்னால்

கடைசி நாள் சாயங்காலம். சிங்கவரம் டாடா ஏஸில் வந்து இறங்கியது. தொண்டூரிலிருந்து ஏழுமலை, சித்தி, புதுமணத் தம்பதி எல்லோரும் வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆடப்போவதற்கு முன்னால் நைனாவிடம் போனேன். "நைனா, நான் வுழுவேன். வேணும்னேதான் வுழுவேன். எழுந்து வரக்கூடாது. சத்தியம் பண்ணு."

என் தலையில் கைவைத்தார். "எழுந்து வரமாட்டேன்."

நம்பிக்கை இல்லாமல் ஏழுமலையிடம், "மாமா, அவரு வேட்டி முனையைப் பிடிச்சிக்கோங்க" என்றேன். அவர் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார்.

நடனத்தின் நடுவில் என் விழுதல். நின்ற இடத்திலிருந்து ஒரே வீழ்ச்சி. அதன்பின் நீண்ட நிசப்தம். அசைவு இல்லை, இசை இல்லை. அந்த நிசப்தத்துக்காகத்தான் இந்த நடனத்தையே அமைத்தேன் என்று ரேவா சொல்லியிருந்தார்.

விழுந்தேன். நல்ல விழுதல், முட்டிகூட வலிக்கவில்லை. கன்னத்தைத் தரையில் வைத்துக் கிடந்தேன். கோட்டைக்குள் ஒரு சத்தம் இல்லை.

முன்வரிசையில் நைனா எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு, உட்கார்ந்தேதான் இருந்தார். ஆனால் பேசமாட்டேன் என்று அவர் சத்தியம் பண்ணவில்லை.

"அமுதா! அடி பட்டுச்சாம்மா?"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. மேடை ஓரத்தில் ரேவா நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் கிடந்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கினேன்.

"இல்ல நைனா" என்றேன். அப்புறம் எழுந்து மிச்சத்தை ஆடினேன்.